பயத்தோடு படியேறுவோம்



கேகாலை மாவட்டத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் எனக்குப் பழக்கமான ஓர் அக்கா இருக்கிறார். பதினெட்டு வயதில் பால்வெட்டத் தொடங்கியவர். விடியுமுன் எழுந்து, அட்டை கடிக்கும் வழுக்குப் பாதையில் ஏறி, மரம் மரமாக வெட்டி, பால் வாளியைச் சுமந்து இறங்கியவர். பாம்பைக் கண்டாலும் கத்தமாட்டார், தடியைத்தான் தேடுவார். 52 வயதில் வேலையை விட்டார். ஒரு பெண் 50 வயது நிறைந்து வேலையை விட்டால் தனது ஊழியர் சேமலாப நிதியைக் கேட்டுப் பெறலாம். ஆனால் இந்த அக்கா இரண்டு வருடமாக அந்தப் பணத்தைக் கேட்கவேயில்லை.

ஏன் என்று விசாரித்தேன். "கந்தோருக்குப் போனா ஏசுவாங்க மிஸ். எனக்குச் சிங்களமும் சரியா வராது. மகன் கொழும்புல இருந்து வரட்டும்னு இருக்கேன்" என்றார்.

பாம்புக்கு அஞ்சாதவர் ஒரு மேசைக்கு அஞ்சுகிறார். இதைக் கேட்டு நாம் சிரிக்கக் கூடாது. இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் எமது மக்கள் நாடற்றவர்களானார்கள். கந்தோர் என்றாலே "நீ எந்த நாட்டவள்?" என்று கேட்கும் இடம் என்றானது. எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. இதற்கிடையே 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் சப்ரகமுவத் தோட்டங்களும் தாக்கப்பட்டன. பல குடும்பங்கள் லயத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்விட்டன. இங்கேயே தங்கிய தாய்மார் பெண் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார்கள்: "வெளியே போனால் வாயைத் திறக்காதே."

அன்று அந்தப் பயம் உயிரைக் காத்தது. ஆகவே அதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அன்று எம்மைக் காத்த பயமே இன்று எமது பணத்தையும், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும், எமது பேச்சையும் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது. இதைத்தான் நாம் யோசிக்க வேண்டும்.

பயத்துக்கு ஒரு குணம் உண்டு. நாம் ஒதுங்க ஒதுங்க அது வளரும். இன்று போகாமல் விட்டால் மனதுக்கு உடனே ஆறுதல் கிடைக்கிறது. அந்த ஆறுதலுக்குப் பழகிவிட்டால் நாளைக்கு அந்தக் கந்தோர் இன்னும் பெரிதாகத் தெரியும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று பெரியவர்கள் சொன்னது சும்மாவா? அதே இடத்துக்குச் சிறிது சிறிதாகப் போய்ப் பழகினால் பயமும் சிறிது சிறிதாகக் குறையும்.

நாங்கள் அப்படித்தான் செய்தோம். முதல் வாரம் எங்கும் போகவில்லை. அடையாள அட்டை, தோட்டத்துக் கடிதங்கள் எல்லாவற்றையும் தேடி ஒரே பையில் போட்டோம். சொல்ல வேண்டியதை மூன்று வசனங்களாக்கி, அடுப்படியில் நின்று சத்தமாகச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். முதலில் வெட்கப்பட்டார். பிறகு பேத்தியை உத்தியோகத்தராக உட்காரவைத்துச் சொல்லிப் பழகினார். அடுத்த வாரம் இருவரும் போனோம். எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம்: நான் பக்கத்தில் நிற்பேன், பேசுவது அக்கா.

கை நடுங்கியது. குரலும் நடுங்கியது. ஆனாலும் மூன்று வசனங்களையும் சொல்லி முடித்தார். யாரும் ஏசவில்லை. எங்கள் தோட்டங்களில் எத்தனையோ பேருக்கு உள்ள சிக்கல்தான் அவருக்கும் இருந்தது: தோட்டப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து. இரண்டும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து வரச் சொன்னார்கள்.

அன்று வெறுங்கையோடுதான் திரும்பினோம். மனம் உடைந்துவிடுவாரோ என்று எனக்குக் கவலை. ஆனால் பஸ்ஸில் வரும்போது, "அடுத்த தடவை நீங்க வர வேணாம் மிஸ், நான் போயிக்கிறேன்" என்றார். அப்படியே தனியாகப் போய்க் கடதாசியைக் கொடுத்தும் வந்தார். பணம் கைக்கு வரச் சில மாதங்களாயின. ஆனால் அவருக்குப் பெரிய வரவு அந்தப் பஸ் பயணத்திலேயே வந்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

சகோதரிகளே, துணிவு பெற அறிவும் வேண்டும். 1987இல் தமிழும் அரசகரும மொழியானது. 1988இல் வந்த அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் இரத்தினபுரி, கேகாலை போன்ற இடங்களிலும் அரச அலுவலகத்தில் தமிழில் பேசவும் எழுதவும் பதில் பெறவும் எமக்கு உரிமை உண்டு. தமிழ் தெரிந்தவர் இல்லாத மேசைகள் பல உண்டு என்பதும் உண்மைதான். ஆனால், "தமிழ் தெரிஞ்சவங்க இருக்காங்களா?" என்று மரியாதையாகக் கேட்பது குற்றமல்ல. யாராவது ஏசினால் அவரது பதவியையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஏச்சு உங்கள் குறையல்ல.

பயம் முழுவதும் போன பிறகு புறப்படுவோம் என்று காத்திருக்காதீர்கள். அப்படி ஒரு நாள் வராது. இந்த மாதம் நீங்கள் தள்ளிப்போட்டு வைத்திருக்கும் ஒரு வேலையை எடுங்கள். பையைத் தயார் செய்யுங்கள். மூன்று வசனங்களைச் சொல்லிப் பழகுங்கள். துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆனால் நீங்களே பேசுங்கள்.

அந்த அக்கா இப்போது பக்கத்து லயத்துப் பெண் ஒருவருக்குத் துணையாகப் போகிறார். வழியிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறாராம்: "நான் பக்கத்துல நிப்பேன். பேசுறது நீதான்."