பெயர் சொல்லாத பூதம்

சென்ற கோடை விடுமுறையில், தஞ்சையில் நம் இல்லத்துத் திண்ணையில் பிள்ளைகள் நால்வர் அமர்ந்து ஒரு கற்பனை விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தனர். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்து இன்று உலகெங்கும் ஆடப்பெறும் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் ஆட்டம் அது. ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் வீரனாகவோ மந்திரவாதியாகவோ திருடனாகவோ வேடமேற்றுப் பேசுவர். செய்த செயல் பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். அன்றைய கதையில் ஓர் அரசனுக்கு எவரோ நஞ்சிட்டுவிட்டனர். அந்த எவரோ யாரென்று கண்டறிய வேண்டும்.

மந்திரவாதி வேடமேற்ற பிள்ளைக்குப் பொறுமை இல்லை. தொலைவில் இருப்பவரைக் காட்டும் மந்திரம் ஒன்று தன்னிடம் இருப்பதாகவும், அதைக் கொண்டு நஞ்சிட்டவனைக் காட்டுமாறும் கேட்டான். கதை நடத்திய பெண்ணோ மறுத்தாள். "யாரென்றே தெரியாதவனை மந்திரம் எப்படிக் காட்டும்?" என்றாள். "தெரியாததைக் காட்டத்தானே மந்திரம்!" என்றான் அவன். பூசல் முற்றி, வழக்கு நம்மிடம் வந்தது.

விதி நூலைப் புரட்டினோம். அந்த மந்திரம், முன்பே பழகியவரை எளிதில் காட்டும். கேள்விப்பட்டவரை அரிதாகவே காட்டும். அவருடைய படமோ, உடுத்த துணியோ, முடியோ, நகமோ கையிலிருந்தால் பலிப்பது எளிதாகும். இறந்தவனைப் பேசவைக்கும் மந்திரமும் உண்டு. ஆனால் ஐந்து வினாக்களுக்கு மேல் அவன் விடை பகரான். உயிரோடிருந்தபோது அறிந்ததன்றி வேறெதுவும் அவனுக்குத் தெரியாது. முகமறியாதவன் கையால் நஞ்சுண்டவனுக்கு அந்தக் கை யாருடையது என்று எப்படித் தெரியும்? ஆக, தேடும் பணியை மாந்தரிடமே விட்டுவைத்திருக்கிறார்கள் விதி செய்தவர்கள். நாம் பெண்ணின் பக்கமே தீர்ப்புச் சொன்னோம். விதி நூலுக்காக மட்டும் அன்று. நம் காவிரிக் கரையில் பிறந்த பழைய கதை ஒன்றும் அதையே சொல்வதால்.

கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சா. 1892இல் பதிப்பித்த சிலப்பதிகாரத்தில், இந்திர விழவூரெடுத்த காதை புகார் நகரின் ஐந்து மன்றங்களைப் பாடுகிறது. அவற்றுள் மூன்று குற்றத்தை வெளிப்படுத்தும் ஆற்றல் உடையவை. வெள்ளிடை மன்றத்தில் வணிகர் பொதிகள் காவலின்றிக் கிடக்கும். எவனாவது திருடினால் அந்தச் சுமை அவன் தலையிலேயே ஏறிக் கழுத்துக் கடுக்கச் சுழலவைக்குமேயன்றி அவனைக் கொண்டுபோக விடாது. பூதசதுக்கத்துப் பூதம், பொய்த்தவ வேடத்தார், வஞ்சக அமைச்சர், பிறன்மனை நயப்போர், பொய்ச்சாட்சி சொல்வோர், புறங்கூறுவோர் முதலானோரைக் கயிற்றால் பிணித்து அடித்துண்ணும். பாவை மன்றத்துப் பாவையோ, அரசன் கோல் கோணினாலும் நீதியவை ஒருபால் சாய்ந்தாலும் வாய் திறவாமல் நின்று அழும். பூதத்தின் பட்டியலில் ஒழுக்கம் தவறிய பெண்டிரையும் சேர்த்திருப்பதில் அக்காலத்தின் அளவுகோல் தெரிகிறது. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறோம். இம்மூன்றில் எதனிடமும் எவரும் சென்று 'என் பகைவன் யார்?' என்று கேட்டதாகக் காப்பியம் சொல்லவில்லை. வெள்ளிடை மன்றம் ஐயத்தின் பேரில் எவரையும் சுற்றவைப்பதில்லை. சுமையைத் தூக்கியவன் தானே சுற்றுகிறான். பாவை எந்தத் தீர்ப்பு தவறு என்று கூடச் சொல்வதில்லை. 'ஏதோ கோணிவிட்டது, தேடு' என்பதற்கு மேல் அதன் கண்ணீரில் செய்தி இல்லை. தேட வேண்டியவன் அரசன். புகாரின் மாயம் குற்றத்தைக் காட்டுமேயன்றி, கேட்டவர் காதில் ஒரு பெயரை ஓதாது.

இனி மதுரைக்கு வருவோம். அங்கே கொலைக்களக் காதையில் மந்திரம் பற்றிப் பேசுகிறவன் ஒருவனே: அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன். கோவலனைக் கண்ட காவலர், இவன் தோற்றத்தைப் பார்த்தால் கொலைக்குரியவனாகத் தெரியவில்லையே என்று தயங்குகின்றனர். உடனே அவன், கள்வர்க்குத் துணை எட்டு என்று எண்ணத் தொடங்குகிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. தயக்கம் தீரவில்லை, ஆனால் அவையத்தில் ஆராயாத அரசன் ஆணையும், கல்லாத ஒருவன் கைவாளும் போதுமானவையாக இருந்தன. திருடன் அருகிலேயே நின்றான். கோவலனோ, புகாரில் பொய்ச்சாட்சி சொல்லிப் பூதத்தின் கயிற்றில் அகப்பட்டவன் ஒருவனுக்காகத் தன் உயிரைத் தர முன்வந்தவன். இழிந்த உயிருக்கு ஈடாக நல்லுயிரைக் கொள்ளமாட்டேன் என்று பூதம் மறுத்தது. பூதம் கொள்ளாத உயிரை மனிதர் கொண்டனர்.

கண்ணகி செய்தது இதனினும் வியப்பு. தன் கணவன் கள்வனோ என்று கதிரவனையே கேட்கிறாள். அல்லன் என்னும் குரலும் எழுகிறது. தெய்வமே சொன்ன சான்று கையிலிருந்தும், அரசவையில் அவள் அதை ஒரு சொல்லும் எடுத்தாளவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசன் தன் தேவியின் சிலம்பின் பரல் முத்து என்கிறான். சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது. ஓர் ஊரை எரிக்கும் ஆற்றல் உடையவள், கணவன் குற்றமற்றவன் என்பதை நிறுவ மாயத்தை நாடாமல் எவரும் கண்ணால் காணக்கூடிய சான்றை நாடினாள். இளங்கோ இதைத் தற்செயலாக அமைத்தார் என்று நம்மால் எண்ண இயலவில்லை.

சங்கப் புலவரும் இதில் ஏமாந்தவர் அல்லர். தலைவியின் மெலிவுக்குக் காரணம் கண்டறிய வேலனை அழைத்துக் கழங்கு உருட்டி வெறியாடுவர்; முருகன் அணங்கினான் என்று அவன் சொல்வான். மெலிவு தலைவனால் வந்தது என்பதைத் தோழி அறிவாள். நற்றிணைத் தோழி ஒருத்தி, தன்னால் வந்ததன்று என்று தெரிந்தும் வெறியாட்டுக்கு வந்து நின்ற முருகனையே அறியாமை உடையவன் என்று சொல்லிவிடுகிறாள்.

இவையெல்லாம் ஏட்டுச் செய்திகள் என்று ஒதுக்கலாம். ஆனால் வெண்ணாற்றங்கரையில் நம் உறவினர் வீடு ஒன்றில் நாமே கண்டதைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், குறுவை அறுப்பு முடிந்த நாள்களில் அங்கே ஒரு சங்கிலி காணாமற்போயிற்று. மை போட்டுப் பார்ப்பவர் ஒருவரை அழைத்தனர். வெற்றிலையில் மை தடவி, வீட்டுச் சிறுமி ஒருத்தியின் கையில் கொடுத்து உற்றுப் பார்க்கச் சொன்னார் அவர். "கறுத்த பெண்ணா? கொல்லைப்பக்கமாக வருகிறாளா?" என்று அவரே கேட்டார். குழந்தை தலையாட்டிற்று. கொல்லைப்பக்கமாக அந்த வீட்டிற்குள் வருபவள் ஒருத்திதான். நெல் புடைக்க வருபவள். முன்வாசல் வழியாக அவள் வர இயலாது என்பதை மை சொல்லித்தான் அறிய வேண்டுமா? மறுநாள் முதல் அவள் வரவில்லை. தை மாதம் பத்தாயத்தைத் துப்புரவு செய்தபோது சங்கிலி கிடைத்தது. அதைச் சொல்ல அவள் தெருவுக்கு ஒருவரும் போகவில்லை. நாமும் போகவில்லை.

மை எதையும் புதிதாகக் காட்டவில்லை. வீட்டார் முன்பே ஐயுற்றிருந்தவளைத் திருப்பிக் காட்டிற்று. பெயர் கேட்டு வரும் கூட்டத்திற்குப் பெயர் கொடுப்பவன் எப்போதும் அப்படித்தான் கொடுப்பான். எதிர்த்துப் பேச இயலாதவர் பெயரே அவன் வாயில் எளிதில் வரும். பீகார் 1999இலும் ஜார்க்கண்ட் 2001இலும் ஒருவரைச் சூனியக்காரி என்று அடையாளம் காட்டுவதையே குற்றமாக்கிய சட்டத்தைக் கொண்டுவந்தன; அந்த ஒரு சொல்லுக்குப் பின் கொலை வரை நிகழ்ந்துகொண்டிருந்தது என்பதே காரணம்.

மனத்துயருக்கு ஆறுதல் தேடிக் குறி கேட்பவர்களைப் பழிப்பது நம் நோக்கமன்று. தன் துயருக்கு ஆறுதல் கேட்பது வேறு. அதற்கு இன்னொருவரைக் காரணமாகக் காட்டச் சொல்வது வேறு. இரண்டாவதில் அங்கே இல்லாத ஒருவருடைய வாழ்வு பணயம் வைக்கப்படுகிறது.

திண்ணைக்குத் திரும்புவோம். கதை நடத்திய பெண்ணிடம் பாவை மன்றத்தைப் பற்றிச் சொன்னோம். அவள் சற்று எண்ணிவிட்டு, அரசவையில் ஒரு கற்சிலை அழுகிறது என்றாள். மந்திரவாதிப் பிள்ளை, "அது யாரைப் பார்த்து அழுகிறது?" என்றான். "யாரையும் பார்த்து அல்ல," என்றாள் அவள். நால்வரும் சமையற்காரனிடம் தொடங்கி ஒவ்வொருவராக விசாரித்துப் போனார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் நஞ்சிட்டவனைக் கண்டுபிடித்தபோது, அதற்குள் அவர்கள் குற்றவாளி என்று நினைத்து விடுவித்தவர்கள் மூவர். அந்த மூவரிடமும் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அப்பெண் விதித்தாள். விதி நூலில் அப்படி ஒரு விதி இல்லை. அவள் தானே சேர்த்தது.