முட்டை ஊர்ப் பிள்ளைக்கு முட்டைப் பாடம் கிடையாதா?

நாமக்கல் முட்டை லாரி ஏறிக் கேரளா போகிறது. கப்பல் ஏறி வளைகுடா நாடுகளுக்கும் போகிறது. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கும் முட்டை வருகிறது. அறிவியல் வகுப்புக்கு மட்டும் ஏன் வரக்காணோம்?

ஒரு பெரிய கண்ணாடி டம்ளர் தண்ணீரில் புது முட்டையைப் போடுங்கள். மூழ்கும். உப்பை அள்ளிப் போட்டுக் கலக்குங்கள். கரையக் கரைய முட்டை மேலே வரும்! உப்புத் தண்ணீர் முட்டையை விடக் கனம், அவ்வளவுதான் சங்கதி. அதன் மேல் நல்ல தண்ணீரைக் கரண்டியில் மெதுவாக விட்டால் முட்டை நடுவிலே அந்தரத்தில் நிற்கும். பார்க்கிற ஆறு வயசுப் பிள்ளை ‘ஏன்?’ என்று கேட்காமல் இருக்குமா?

வெறும் தண்ணீரிலேயே மிதந்தால் அது பழைய முட்டை என்பது மளிகைக் கடைக்காரருக்குத் தெரியும். ஓட்டிலுள்ள நுண்ணிய துளைகள் வழியே ஈரம் போய், உள்ளே காற்று இடம் பிடித்துவிடுகிறது. வீட்டில் அம்மா செய்கிற சோதனையும் சயின்ஸ்தான் சார்!

அரசு சும்மா இருந்தது என்று சொல்லவில்லை. 2022 நவம்பரில் திருச்சியில் ‘வானவில் மன்றம்’ தொடங்கினார்கள். சோதனைப் பொருள்களோடு அரசுப் பள்ளிகளுக்கு ஆட்கள் போகும் திட்டம். நல்ல காரியம். ஆனால் அது ஆறாம் வகுப்பு முதல் எட்டு வரைக்கும். ஒண்ணாங் கிளாஸ் வாண்டுகள் என்ன பாவம் செய்தன? ஓயாமல் கேள்வி கேட்கிற வயசே அதுதானே!

வாத்தியார் மேஜை மேல் செய்து காட்ட, பிள்ளைகள் கைகட்டிப் பார்ப்பது போதாது. அதுகளே ஊற்றணும், கலக்கணும். தண்ணீர் சிந்துமாம்! சிந்தட்டுமே. துடைக்கத் துணி இல்லையா? முட்டையைத் தொட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னால் சரி.

செலவும் பெரிசில்லை. மஞ்சள் கரைத்த தண்ணீரில் சோப்புத் தண்ணீர் விட்டால் சிவக்கும். எலுமிச்சம்பழம் பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். ஆரத்தித் தட்டில் பார்க்கிற அதே சிவப்பு! ஆரத்திக்குச் சுண்ணாம்பு சேர்ப்போம்; பிள்ளைகள் கையில் அது மட்டும் வேண்டவே வேண்டாம். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

சேகோ பேக்டரித் தொட்டியில் மரவள்ளிப் பால் தெளிந்து மாவு அடியில் உட்காருகிறதே, அதையும் ஒரு டம்ளரில் காட்டலாம்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: ‘எங்க பையன் இந்த வருஷம் எத்தனை தடவை தன் கையாலே ஊற்றிக் கலக்கிப் பார்த்தான்?’