சதக் காசின் உலோகமும் ரூபாயின் மதிப்பும்

“அந்தக் காலத்துக் காசில் உலோகம் இருந்தது. இப்போது தருவது வெறும் தகரம். காசின் தரம் கெட்டதால்தான் ரூபாயும் கெட்டது.” மட்டக்களப்பில் மீன் சந்தையிலும் பஸ் தரிப்பிடத்திலும் இந்தப் பேச்சு காதில் விழாத வாரம் இல்லை. படித்தவர்களும் தலையாட்டுகிறார்கள். இதில் ஒவ்வொரு சொல்லையும் மறுக்க வேண்டியிருக்கிறது.

பழைய காசு தன் மதிப்புக்குச் சமமான உலோகத்தைச் சுமந்தது என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். இலங்கையில் ரூபாயும் சதமும் நடைமுறைக்கு வந்தது 1872இல். 1870 என்று ஆண்டு பொறித்த அந்தச் செப்புச் சதம் ஒன்றின் எடை ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவு. நூறு சதத்தைச் சேர்த்து உருக்கினாலும் அரைக் கிலோ செம்பு தேறாது. அன்றைய சந்தையில் அவ்வளவு செம்புக்கு ஒரு ரூபாய் யாரும் தந்திருக்க மாட்டார்கள். அரசின் முத்திரையை நம்பிக் கை மாறிய காசுதான் அதுவும். வெள்ளிக் காசிலும் இதே கதைதான். 10, 25, 50 சதக் காசுகளில் ஆயிரத்துக்கு 800 பங்கு வெள்ளி இருந்தது. 1919இல் அதை 550 பங்காகக் குறைத்தார்கள். அதற்காகக் கடைக்காரர் ஐம்பது சதத்தை முப்பத்தைந்தாக எண்ணவில்லை.

மலிவான உலோகத்தில் காசடிப்பது நலிந்த நாட்டின் அடையாளமாம். பராக்கிரம சமுத்திரத்தைக் கட்டிய முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) தன் பெயர் பொறித்து வெளியிட்டது செப்புக் காசு. 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தக் கம்பெனி, கறுவா விற்றுக் கொழுத்த காலத்திலும் சில்லறைக்குச் செப்புத் துட்டைத்தான் புழங்கியது. நலிந்தவர்கள் என்று இவர்களைச் சொல்ல முடியுமா?

பித்தளைச் சதங்கள் வந்த கதையை நம் ஊர்க்காரர் யாருமே மறக்கக் கூடாது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் பிரித்தானியாவின் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலைத் தாக்கி மூழ்கடித்தன. முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கப்பல் இன்றும் கல்லடிக்கு அப்பால் கடலடியில் கிடக்கிறது. அந்த யுத்தம்தான் நம் சட்டைப்பைக் காசையும் மாற்றியது. கவசத் தகட்டுக்கான எஃகு நிக்கலைக் கேட்டது, வெள்ளிக்கும் தட்டுப்பாடு வந்தது. செம்பும் நிக்கலும் கலந்த சதுர ஐந்து சதம், பெயரளவுக்கு மட்டும் நிக்கல் சேர்ந்த பித்தளைக்கு மாறியது. மறு ஆண்டில் 25, 50 சதங்களிலிருந்து வெள்ளி முற்றாகப் போயிற்று. சில்லறை முட்டுப்பாடு எவ்வளவு கடுமை என்றால், 1942இல் ஐந்து சதத்துக்கே கடதாசி நோட்டு அச்சிட்டார்கள். இடையில் துளை வரிசை இருக்கும். அதன் வழியே கிழித்தால் ஒரு துண்டு இரண்டு சதம், மற்றது மூன்று சதம். அந்தக் கடதாசித் துண்டில் எந்த உலோகமும் இல்லை. ஆனாலும் அது சாமான் வாங்கியது.

“செம்பு துருப்பிடிக்காது, இந்த இரும்புக் காசு துருப்பிடிக்கும்” என்பதில் ஓரளவு உண்மை உண்டு. 2005இல் வந்த ஒரு ரூபாயும் ஐந்து ரூபாயும் பித்தளை முலாம் பூசிய எஃகு. வாவிக்கரை உப்புக்காற்றில் விளிம்பில் முலாம் தேய்ந்ததும் செம்மண் நிறத்தில் துரு கிளம்பும், பார்த்திருப்பீர்கள். ஆனால் செம்பும் இந்தக் காற்றுக்குத் தப்புவதில்லை. அதன்மேல் பச்சைக் களிம்பு ஏறும். பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து போக, சிவந்த புள்ளிகள் எஞ்சும். 2017இல் வந்த காசுகளோ கறையில்லா எஃகில் அடித்தவை. அதிலுள்ள குரோமியம் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை உண்டாக்கி உப்பைத் தடுக்கிறது. வாவிக்கரையில் வாழ்கிறவருக்குச் செப்புக் காசைவிட இதுவே ஏற்ற காசு என்பேன்.

மலிவான உலோகங்களைத் தாழ்வாகப் பேசுகிறவர்கள் ஒரு வீச்சுவலையைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும். விளிம்பு நெடுகிலும் ஈயக்குண்டு. தண்ணீரைவிடப் பதினொரு மடங்கு கனமானது. 327 பாகையில், விறகடுப்பிலேயே உருகும். அந்தக் கனம் இல்லாவிட்டால் வலை விரிந்து விழுந்தாலும் மீன் அடியால் நழுவிவிடும். (ஈயம் நஞ்சு என்பதும் உண்மை; உருக்குமிடத்தில் பிள்ளைகளை விடக்கூடாது.) கூரைத் தகரத்தை உப்புக்காற்றிலிருந்து காப்பது மேலே பூசிய துத்தநாகம், அது தான் முதலில் கரைந்து இரும்பைத் தப்பவைக்கிறது. 1963இல் ஒரு சதமும் இரண்டு சதமுமாக வந்து, கனமில்லை என்று பலர் எள்ளிய அலுமினியந்தான் இன்று வீடுதோறும் சோற்றுப் பானை.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது, காசின் தரம் கெட்டதால் ரூபாய் கெட்டது என்ற முடிவு. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். மே மாதத்தில் அது 360 அளவில் நின்றது. இடைப்பட்ட பத்து வாரங்களில் நம் கையிலிருந்த பத்து ரூபாய்க் காசின் எடையில் ஒரு குன்றிமணி குறைந்ததா? அதே காசு, அதே பதினொரு பக்கம். குறைந்தது அந்நியச் செலாவணிக் கையிருப்பு. கூடியது கடனும், வரி வருமானம் சுருங்கிய இடத்தை நிரப்ப அச்சிட்ட பணமும். குற்றத்தை உலோகத்தின்மேல் போட்டால், அந்தத் தீர்மானங்களை எடுத்தவர்களை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

சரி, காசில் பெறுமதியான உலோகத்தைப் போட்டுத்தான் பார்ப்போமே என்பவர்களுக்கு இந்தியாவில் நடந்தது பதில். 2007இல் அங்கே எஃகுக் காசுகளைக் கட்டுக்கட்டாக எல்லை கடத்தி, வங்காளதேசத்தில் உருக்கி, சவர அலகு செய்தார்கள். ஒரு ரூபாய்க் காசிலிருந்து வந்த அலகுகளின் விலை ஒரு ரூபாயைத் தாண்டியதே காரணம். மேற்கு வங்கத்தில் சில்லறை தீர்ந்து, கடைக்காரர்கள் திண்டாடினார்கள். நம் பத்து ரூபாயில் இருபது ரூபாய்க்குச் செம்பு வைத்தால், அது ஒரு மாதம்கூடச் சந்தையில் நிற்காது. பழைய இரும்பு வாங்குபவரின் தராசுக்குத்தான் போகும்.