நம் கை மேல் பழி போடாதீர்கள்

கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலைக் காணோம் என்றால் வீட்டில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "என்னத்தை அழுத்தினீங்க?" என்பதுதான். பேரன் கேட்பான், மருமகள் கேட்பாள், ரிப்பேர் பார்க்க வருபவரும் கேட்பார். "மெஷின் என்ன பண்ணிச்சு?" என்று கேட்பவர் ஒருவரும் இல்லை. இன்று நான் அதைத்தான் கேட்கப் போகிறேன்.

விண்டோஸில் ஒரு ஃபைலை மவுஸால் இழுத்து வேறு ஃபோல்டரில் போடுகிறீர்கள். அது நகல் ஆகுமா, இடம் மாறுமா? ஒரே டிரைவுக்குள் என்றால் இடம் மாறும். பென்டிரைவுக்கு இழுத்தால் நகல் ஆகும். செய்கை ஒன்று, விளைவு இரண்டு. பென்டிரைவில் போட்டுப் பழகியவர், அசல் இருந்த இடத்திலேயே இருக்கும் என்று நம்பித்தானே டெஸ்க்டாப்பிலும் இழுப்பார்?

அடுத்தது இதைவிட மோசம். ஃபைலைத் திறக்க இரண்டு முறை கிளிக் செய்கிறோம். பட்டனை அழுத்தியிருக்கும்போது மவுஸ் கொஞ்சம் நகர்ந்தால் அது கிளிக் இல்லை, இழுப்பு என்று மெஷின் முடிவு செய்துவிடும். எவ்வளவு நகர்ந்தால்? வழக்கமான அளவு 4 பிக்ஸல். சாதாரண மானிட்டரில் அது சுமார் 1 மில்லிமீட்டர். எழுபது வயதில் 1 மில்லிமீட்டர்கூட அசையாத கை எத்தனை பேருக்கு இருக்கிறது? அசைந்தால் உங்கள் பென்ஷன் ஃபைல் பக்கத்தில் இருக்கும் கல்யாண போட்டோ ஃபோல்டருக்குள் போய் விழும். ஒரே டிரைவுக்குள் மாறுவது முகவரி மட்டும்தான் என்பதால் கண் இமைக்கும் நேரத்தில் வேலை முடிந்துவிடும். "இதை இங்கே மாற்றட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்காது. அந்த 4 பிக்ஸலைக் கூட்டிக்கொள்ள மவுஸ் செட்டிங்கில் வழியும் இல்லை. ரெஜிஸ்ட்ரிக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும். அங்கே கை வைக்க நம்மில் எத்தனை பேருக்குத் தைரியம் வரும்?

அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்குத் தன்பதிவேடு ஞாபகம் இருக்கும். எந்தக் கோப்பு எந்த சீட்டில் இருக்கிறது என்று அதில் எழுதாமல் எதுவும் நகராது. பேனாவும் நோட்டும் வைத்து நாம் காப்பாற்றிய ஒழுங்கை இத்தனை பெரிய மெஷினால் காப்பாற்ற முடியாதா?

விண்டோவை நகர்த்துவதும் இதே கதைதான். முன்பெல்லாம் அதன் தலையில் நீல நிறத்தில் அகலமாக ஒரு பட்டை இருக்கும், தாராளமாகப் பிடிக்கலாம். இன்றைய பிரவுசரில் அந்த இடம் முழுக்க டேப்கள். விண்டோவைப் பிடித்ததாக நினைத்து இழுத்தால் டேப் ஒன்று தனியே கழன்று வருகிறது. ஓரக்கோடு முடி போல மெலிந்துவிட்டது. 2009-ல் வந்த விண்டோஸ் 7-ல் இன்னொரு வேடிக்கை: பட்டையைப் பிடித்து ஆட்டினால் மற்ற விண்டோக்கள் எல்லாம் கீழே போய் ஒளிந்துகொள்ளும். கை நடுங்கும் மனிதருக்கு இது எப்படி இருக்கும் என்று யாராவது யோசித்தார்களா? விண்டோஸ் 11-ல்தான் அதை அணைத்து வைத்துக் கொடுக்கிறார்கள்.

"பழகினால் சரியாகிவிடும்" என்பார்கள். பழகியவர்களுக்கு என்ன ஆயிற்று? ஃபைலை டாஸ்க்பாரில் இருக்கும் புரோகிராமுக்கு இழுத்துக் கொண்டுபோகும் வசதியை 2021-ல் விண்டோஸ் 11 வந்தபோது எடுத்துவிட்டார்கள். பயனாளிகள் கூச்சல் போட்ட பிறகு அடுத்த ஆண்டு திருப்பிக் கொடுத்தார்கள். மாற்றுவது அவர்கள், பழகுவது மட்டும் நாமா?

இதெல்லாம் தெரியாமல் நடப்பதும் அல்ல. குறி சிறியதாகவும் தூரமாகவும் இருந்தால் கை போய்ச் சேர அதிக நேரமாகும் என்று பால் ஃபிட்ஸ் என்ற உளவியல் அறிஞர் 1954-லேயே அளந்து சொல்லிவிட்டார். இழுத்துச் செய்யும் எதையும் இழுக்காமலும் செய்ய வழி இருக்க வேண்டும் என்று 2023-ல் வெளியான இணைய அணுகல் நெறிமுறையே சொல்கிறது. தெரிந்தும் செய்யாததற்கு அலட்சியம் என்றுதான் பெயர்.

அவர்கள் திருந்தும் வரை நாம் காத்திருக்க வேண்டாம். இழுப்பதை விட்டுவிட்டு கன்ட்ரோல் எக்ஸ், கன்ட்ரோல் வி பயன்படுத்துங்கள். இழுத்தே ஆக வேண்டுமென்றால் மவுஸின் வலது பட்டனை அழுத்தி இழுங்கள். விட்டவுடன் நகலா, இடமாற்றமா என்று மெஷின் கேட்கும். பாதியில் சந்தேகம் வந்தால் எஸ்கேப். தவறிப் போய் விழுந்தால் வேறு எதையும் தொடாமல் உடனே கன்ட்ரோல் இசட். பட்டனை அழுத்திப் பிடிக்கவே சிரமம் என்றால் மவுஸ் செட்டிங்கில் கிளிக்லாக் என்று ஒன்று இருக்கிறது. சிறிது நேரம் அழுத்தினால் பிடித்துக்கொள்ளும், மறுபடி அழுத்தினால் விடும். இத்தனை உபயோகமான ஒன்றை அணைத்து ஒளித்து வைத்திருப்பது ஏன் என்பது தனிக் கேள்வி.

நம் வயதில் பலர் "எனக்கு இதெல்லாம் வராது" என்று சொல்லி பேங்க் கணக்கு முதல் பென்ஷன் வரை அடுத்தவர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். தொலைவது ஃபைல் மட்டுமல்ல, நம் காரியத்தை நாமே பார்க்கும் சுதந்திரமும்தான். அடுத்த முறை "என்னத்தை அழுத்தினீங்க?" என்று யாராவது கேட்டால் தலை குனியாதீர்கள். "ஒரு வார்த்தை கேட்காமல் அது ஏன் நகர்த்தியது?" என்று திருப்பிக் கேளுங்கள்.