பேட்டரி மேல பழியைப் போடாதீங்க மக்களே!

ஏற்காட்டுல பழைய பிக்கப் வெச்சிருக்கிற பல பேருக்கு ஒரு பழக்கம் உண்டு. ராத்திரி வண்டியை இறக்கம் பாத்து நிறுத்துவாங்க. காலைல செல்ஃப் எடுக்கலைன்னா, அப்படியே உருட்டி, ரெண்டாவது கியர்ல கிளட்ச்சை விட்டுக் கிளப்புவாங்க. "மலைக்காரனுக்கு செல்ஃப் எதுக்குப்பா"ன்னு பெருமை வேற!

இதுல பெருமைப்பட ஒண்ணுமே இல்லைங்க. டீசல் வண்டியில பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்கம், இன்ஜின் ஓடினாத்தான் சுத்துற பம்ப்ல இருந்து வருது. இன்ஜின் ஓடாதப்போ ரெண்டு மூணு தடவை மிதிச்சா மிச்சமிருந்த வேக்கமும் காலி. பெடல் கல்லு மாதிரி ஆயிடும். பவர் ஸ்டியரிங் இருந்தா அதுவும் இறுகிடும். பின்னாடி காப்பி மூட்டை, முன்னாடி வளைவு, கிளட்ச்சை விட்டும் இன்ஜின் பிடிக்கலைன்னா? சேலம் ரோட்டுல மட்டும் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்.

இன்னொரு கோஷ்டி, "பேட்டரி போச்சு, புதுசு போடு"ன்னு உடனே தீர்ப்பு சொல்லும். நான் காமர்ஸ் படிக்கிறவன். டிரயல் பேலன்ஸ் டேலி ஆகலைன்னா வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல தள்ளுவோம். தப்பு அங்கேயேதான் இருக்கும், கண்ணுக்கு மட்டும் தெரியாது. இவங்களுக்கு பேட்டரிதான் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் :-)

சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். வண்டியை சமதளத்துல நிறுத்தி, நியூட்ரல், ஹேண்ட்பிரேக், சக்கரத்துக்குக் கல்லு. அப்புறம்:

1. ராத்திரி முழுக்க நின்ன வண்டியில பேட்டரி 12.6 வோல்ட் காட்டினா ஃபுல் சார்ஜ். 12.2 காட்டினா ஏறக்குறைய பாதி.

2. ஹெட்லைட் போட்டு சாவியைத் திருப்புங்க. லைட் அணையற மாதிரி மங்கினா பேட்டரியில சார்ஜ் இல்லை, இல்லேன்னா டெர்மினல் சரியாப் பிடிக்கலை. லைட் மங்காம "டக்"னு சத்தம் மட்டும் வந்தா செல்ஃப் மோட்டார், சோலினாய்டு பக்கம் பாருங்க. சத்தமே இல்லைன்னா சாவி சுவிட்ச், ரிலே, அதுக்குப் போற வயர்.

3. மீட்டரோட ஒரு முனை பேட்டரி நெகட்டிவ்ல, இன்னொண்ணு இன்ஜின் பிளாக்ல. ஒருத்தர் செல்ஃப் அடிக்கட்டும். 0.5 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் வயர்தான் குற்றவாளி. நம்ம ஊர் பனிக்கும் ஈரத்துக்கும் இது துருப்பிடிக்கிறதுல அதிசயமே இல்லை. கழட்டித் தேய்ச்சு இறுக்கினா போதும், செலவு உப்புத்தாள் காசுதான். கழட்டும்போது நெகட்டிவ் முதல்ல.

4. வண்டி ஓடும்போது 13.8ல இருந்து 14.4 வரை வரணும். 12.5லயே நின்னா டைனமோ, இல்லை பெல்ட். இதைப் பாக்காம புது பேட்டரி போட்டா அதுவும் படுத்துரும்.

"சேலம் இறங்காம நல்ல எலக்ட்ரீஷியன் கிடைக்க மாட்டான்"னு சொல்லுவீங்க. சரி, அதுக்காகத்தாங்க நீங்களே பாக்கணும்ங்கிறேன். பழைய டாடா 207ல கம்ப்யூட்டர் ஒண்ணும் கிடையாது. வயரைப் பிடிச்சுக்கிட்டே போனா தப்பு மாட்டிக்கும். பத்து நிமிஷ வேலை.

அந்தப் பத்து நிமிஷத்துக்கு சோம்பேறித்தனப்பட்டு இறக்கத்துல உருட்டுறவர் உயிர் அவர் இஷ்டம். கீழ வளைவுல நடந்து வர்றவன் உயிர் அவர் இஷ்டம் இல்லை.

டிஸ்கி: பேட்டரி நிஜமாவே செத்திருந்தா தாராளமா மாத்துங்க. அளந்து பாத்துட்டு மாத்துங்கன்னுதான் சொல்றேன்.