சக்தியின் மேடைப்பதிவு: சொல்லப்படும் குறைகளும் கேட்கக் கிடைப்பதும்

2024 டிசம்பர் 15 அன்று தபலா கலைஞர் ஜாகிர் உசேன் மறைந்த பிறகு ‘சக்தி’ என்ற குழுவின் பெயர் மறுபடி பேச்சில் அடிபட்டது. கூடவே, கச்சேரி ரசிகர்களிடையே நெடுங்காலமாக உலவும் ஒரு தீர்ப்பும் தூசி தட்டி எடுக்கப்பட்டது. ஜான் மெக்லாக்லின் என்ற இங்கிலாந்து கிதார் கலைஞரின் ஆசைக்கு நம் வித்வான்கள் பக்கவாத்தியம் வாசித்துக் கொடுத்த குழு அது. வாசித்தது ஃப்யூஷன், அதாவது கலப்படம். முதல் இசைத்தட்டு ஏதோ ஒரு கல்லூரி மேடையில் பிடித்த கச்சாப் பதிவு, உருப்படியானவை பின்னால் ஸ்டூடியோவில் செய்த இரண்டும்தான். எப்படியும் சில ஆண்டுகளிலேயே கலைந்துபோன ஒரு சோதனை. இதுதான் அந்தத் தீர்ப்பு. நான்கு குற்றச்சாட்டுகளில் கடைசியில் மட்டும் பாதி உண்மை இருக்கிறது. மற்ற மூன்றும் அந்தத் தட்டைக் காது கொடுத்துக் கேட்காதவர்கள் சொல்வது என்றே நினைக்கிறேன்.

முதலில், யாருடைய குழு என்பது. 1976இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட அந்தத் தட்டின் அட்டையில் ‘ஜான் மெக்லாக்லினுடன் சக்தி’ என்றுதான் இருக்கிறது. மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற மின்கிதார்க் குழுவால் உலகமெங்கும் பெயர் வாங்கிய ஒருவரின் பெயரைக் கம்பெனி அட்டையில் போடாமல் விடுமா? அட்டையை விட்டுவிட்டு உள்ளே போவோம். இருப்பவை மூன்றே உருப்படிகள். சுமார் 18 நிமிடம் ஓடும் ‘ஜாய்’, ஐந்து நிமிடத்துக்கும் குறைவான ‘லோட்டஸ் ஃபீட்’, இரண்டாம் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும் 29 நிமிட உருப்படி. நீளமான இரண்டையும் இயற்றியவர்களாக மெக்லாக்லினோடு சேர்த்து எல். சங்கரின் பெயரும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த சங்கர், வயலின் வித்வான் வி. லட்சுமிநாராயணாவின் மகன், எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம் ஆகியோரின் தம்பி. கடத்தில் விக்கு விநாயக்ராம், 1966இல் ஐ.நா. சபையில் எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு வாசித்தவர். மிருதங்கத்தில் ராம்நாட் ராகவன், தபலாவில் ஜாகிர். குழுவில் டிரம் செட் கிடையாது, பேஸ் கிதார் கிடையாது, கீபோர்டு கிடையாது. யார் யாருக்காக வளைந்துகொடுத்தார்கள் என்று பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும். வயலினும் கடமும் மிருதங்கமும் இருந்தபடியே இருந்தன. மாறியது கிதார்தான். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்ற மெக்லாக்லின், கமகம் பிடிப்பதற்காகத் தம் கிதாரில் மெட்டுகளுக்கு இடையே உள்ள மரத்தைக் குழித்துவிடச் சொன்னார். அப்போதுதான் தந்தியை வீணைபோல அழுத்தி இழுத்து அடுத்த ஸ்வரத்தைத் தொட முடியும். சுருதிக்கென்று ஏழு தந்திகள் குறுக்கே கூடுதலாகச் சேர்ந்தன. மின்சாரத்தை விட்டுவிட்டு, சம்மணமிட்டு மேடையில் உட்கார்ந்தார். பக்கவாத்தியக்காரர்களை வைத்துக்கொண்ட முதலாளியின் நடத்தையா இது?

கலப்படம் என்ற பேச்சுக்கு அதிகம் செலவிட வேண்டியதில்லை. கர்நாடக சங்கீதத்தின் முதன்மைப் பக்கவாத்தியமான வயலினே, முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி ஐரோப்பியரிடமிருந்து எடுத்துக்கொண்டதாகச் சொல்லப்படும் கருவி. பின்னர் மாண்டலினும் சாக்ஸஃபோனும் சபா ஏறின. அயல் கருவி வந்து சேர்வது தீட்டானால், வயலினுக்கே மேடையில் இடம் இருக்குமா? உண்மையில் அந்தத் தட்டில் நடக்கும் பெரிய துணிச்சல் கிழக்கும் மேற்கும் சேர்ந்தது அல்ல. தபலாவும் மிருதங்கமும் ஒரே தாளக் கணக்கில் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டது. வடக்கும் தெற்கும் தனித்தனி மேடைகளில் இருந்த காலம் அது. ஜுகல்பந்தி என்ற பெயரில் சேர்ந்தபோதும் ஆளுக்கொரு சுற்று வாசித்துவிட்டு நகர்வதே பெரும்பாலும் வழக்கம். இங்கே இரண்டும் ஒரே கோர்வைக்குள் ஒன்றையொன்று துரத்துகின்றன. கலப்படம் என்று குறை சொல்பவர்கள் இந்த இடத்தைத்தான் கோட்டைவிடுகிறார்கள்.

இனி மூன்றாவது குற்றச்சாட்டு. இதுதான் முக்கியமானதும், கேட்பதற்கு நியாயமாகத் தோன்றுவதும். 1975 ஜூலை 5 அன்று நியூயார்க்கின் லாங் ஐலண்டில், சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரியின் பதிவு இது. மேடையில் ஒரு கருவிக்கு வைத்த மைக்கில் பக்கத்துக் கருவியும் விழும்; பிழையானால் அழித்துவிட்டு மறுபடி வாசிக்க முடியாது. இதையெல்லாம் சரிசெய்து எடுத்தவை 1977இல் வந்த ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’யும் ‘நேச்சுரல் எலிமென்ட்ஸ்’உம், ஆகவே அவற்றை வைத்தே குழுவை எடைபோட வேண்டும் என்கிறார்கள். இந்த வாதத்தின் அடியில், ஸ்டூடியோவே மூலம், மேடை அதன் நகல் என்ற நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு வயது அதிகமில்லை. கோவை சிங்காநல்லூரில் 1935இல் தொடங்கிய சென்ட்ரல் ஸ்டூடியோவையே எடுத்துக்கொள்ளலாம். 1944 தீபாவளிக்கு வந்து மூன்று தீபாவளி கண்ட ‘ஹரிதாஸ்’ அங்கே உருவான படம். அந்தக் காலத்தில் ஒவ்வொரு கருவியையும் தனித்தனித் தடத்தில் பிடித்து, பிறகு உட்கார்ந்து கலக்கும் வசதி ஸ்டூடியோக்களில் கிடையாது. அதில் நடித்துப் பாடிய தியாகராஜ பாகவதரும் வாத்தியக்காரர்களும் சேர்ந்து ஒரே ஓட்டத்தில் முடித்தாக வேண்டும். நடுவில் ஒருவர் தவறினால் எல்லோருக்கும் முதலிலிருந்து. மேடைக் கச்சேரியின் நிபந்தனையும் ஏறக்குறைய அதேதான். எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையமைத்ததும், இளம் எம்.எஸ். விஸ்வநாதன் தொழில் கற்றதும் அந்த நிபந்தனைக்குள்தான். அங்கே பதிவான பாட்டுகளைக் ‘கச்சாப் பதிவு’ என்று கோவையில் யாரும் குறைத்துப் பேசிக் கேட்டதில்லை. லாங் ஐலண்டில் பதிவானதை மட்டும் ஏன் அப்படிச் சொல்ல வேண்டும்?

மேடையையும் ஸ்டூடியோவையும் அருகருகே வைத்துப் பார்க்க ஒரு வாய்ப்பு தற்செயலாகவே அமைந்திருக்கிறது. ‘லோட்டஸ் ஃபீட்’ என்ற அதே மெட்டை மெக்லாக்லின் அதே 1975இல் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் ‘இன்னர் வேர்ல்ட்ஸ்’ தட்டுக்காக ஸ்டூடியோவிலும் பதிவு செய்தார். அங்கே கிதார் சிந்தசைசர் உண்டு, வேண்டிய நேரம் உண்டு, திருத்த வசதியும் உண்டு. மெட்டு அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ஓவியம்போல அசையாமல் நிற்கிறது. சவுத்ஹாம்ப்டன் மேடையில் அதே மெட்டை வயலின் எடுக்கும்போது, ஒவ்வொரு ஸ்வரமும் அடுத்ததற்கு வழுக்கிப் போகிறது. கிதார் பின்னால் ஒதுங்கி இடம் விடுகிறது. தாளக் கருவிகள் கிட்டத்தட்ட மூச்சை அடக்கிக்கொண்டு வாசிக்கின்றன. 18 நிமிடம் பேய்வேகத்தில் ‘ஜாய்’ வாசித்து முடித்த அதே கைகள் இவை. அந்த வேகம் முன்னால் போனதால்தான் இந்த நிதானத்துக்கு அவ்வளவு கனம். கச்சேரியில் எதற்குப் பின் எதை வாசிப்பது என்பதே பாதிக் கலை. நீண்ட ராகம் தானம் பல்லவிக்குப் பிறகு ஒரு சின்ன துக்கடா ஏன் அப்படி உருக்குகிறது என்பது டிசம்பர் கச்சேரி ரசிகர்களுக்குத் தெரியாததா?

ஸ்டூடியோ தட்டுகளில் குழு இன்னும் பழகி, இன்னும் துல்லியமாக வாசிக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’யில் ஒவ்வொரு விரலும் தெளிவாகக் கேட்கிறது. மேடைப்பதிவில் தபலாவும் மிருதங்கமும் நெருங்கி வரும் சில இடங்களில் எது எந்தக் கை என்று பிரித்தறியச் சிரமமாகவும் இருக்கிறது. ஆனால் அந்தத் தெளிவுக்குக் கொடுத்த விலையைப் பலரும் கவனிப்பதில்லை. ஸ்டூடியோ தட்டுகளில் ராம்நாட் ராகவன் இல்லை, அவருடைய மிருதங்கமும் இல்லை. கடம், தபலா, மிருதங்கம் மூன்றும் ஒன்றாக ஒலிக்கும் சக்தியைக் கேட்க வேண்டுமானால், எழுபதுகளில் வந்த மூன்று தட்டுகளில் முதல் தட்டு ஒன்றுதான் கதி. 29 நிமிட உருப்படியில் தாளக் கருவிகள் கேள்வியும் பதிலுமாகப் போகும் பகுதியை எந்தத் தனி ஆவர்த்தனத்தின் அளவுகோலாலும் அளக்கலாம். ஒருவர் விட்ட சொல்லை அடுத்தவர் திருப்பிச் சொல்லாமல், கொஞ்சம் திரித்துச் சொல்கிறார். கடத்தின் கணீர் ஒலி மற்ற இரண்டையும் வெட்டிக்கொண்டு மேலே எழுகிறது. விநாயக்ராம் பானையின் வாயை வயிற்றோடு அழுத்தித் தளர்த்தும்போது அதே கடத்திலிருந்து கும்மென்று ஒரு கீழ் ஒலியும் வருகிறது. பேஸ் கிதார் இல்லாத குறை அங்கே தீர்ந்துவிடுகிறது. இந்த உரையாடலில் அடுத்த அடி என்ன என்பதை எதிராளியின் கண்ணைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். தனியறையில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பிறகு சேர்க்கும் வேலை அல்ல அது. இன்னொன்று: பின்னால் வந்த ‘நேச்சுரல் எலிமென்ட்ஸ்’ தட்டில் உருப்படிகள் சுருங்கின, பாட்டுகள்போல ஆயின. அரைமணி நேரம் ஒன்றையே விரித்து வாசிக்கும் துணிவு மேடையிலேயே நின்றுவிட்டது.

கடைசியாகத் தோல்வி என்ற பேச்சு. 1978 வாக்கில் குழு கலைந்தது உண்மை. மகாவிஷ்ணுவின் மின்னதிர்வை எதிர்பார்த்த ரசிகர்கள் பலர் சக்தியைத் தொடரவில்லை என்பதும் உண்மை. ஆனால் கலைந்த குழு எப்படித் திரும்பி வந்தது என்று பாருங்கள். 1997இல் ‘ரிமெம்பர் சக்தி’ என்ற பெயரில் கூடியபோது அவர்கள் ஸ்டூடியோவைத் தேடிப் போகவில்லை. 1999இல் வந்த முதல் தட்டு மேடைப்பதிவு, மாண்டலின் யு. ஸ்ரீநிவாசும், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷும் சேர்ந்த பிறகு வந்த ‘தி பிலீவர்’ மேடைப்பதிவு. ‘சாட்டர்டே நைட் இன் பாம்பே’யும் மேடைப்பதிவுதான். தங்கள் இசை எங்கே உயிரோடு இருக்கிறது என்பது வாசிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 2024இல் கிராமி விருது வாங்கிய ‘திஸ் மோமென்ட்’ ஸ்டூடியோ தட்டுதானே என்று யாராவது சொன்னால், விருதுகள் பெரும்பாலும் தாமதமாக வந்து பழைய கடனை அடைப்பவை என்பதே என் பதில். அந்தக் கடனில் பெரும்பகுதி 1975 ஜூலை 5 அன்று ஏறியது.

இதைப் படித்துவிட்டுக் கேட்கப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டாம் பக்கத்தை முதலில் போடுங்கள். கிதாரை விட்டுவிட்டுக் கடத்தை மட்டும் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடருங்கள். பக்கவாத்தியம் என்று சொன்னவர்களுக்குப் பிறகு நீங்களே பதில் சொல்லுங்கள்.