வீட்டிற்குள் இன்னொரு பள்ளிக்கூடமா?

பள்ளிக்கூடத்தின் அவசரம் வேண்டாமென்றே பிள்ளைகளுக்கு வீட்டில் கற்பிக்கத் துணிந்தோம். ஆனால் அதே பாடவேளைகளை வீட்டிற்குள்ளும் கொண்டுவந்துவிட்டோம். மூன்று பிள்ளைகளுக்கு மூன்று கால அட்டவணைகள். கற்பிப்பவரோ ஒரே தாய். லுஹருக்கு முன்னரே அவர் களைத்துப் போகிறார். இதற்குப் பெயர் கல்வியா?

நம் ஓதும் பள்ளிகளை நினைத்துப் பார்ப்போம். அலிஃப் சொல்லும் சிறுவனும் குர்ஆனை முடிக்கவிருப்பவனும் ஒரே பாயில் அமர்ந்தனர். மூத்தவன் இளையவனின் பாடத்தைக் கேட்டான். ஓர் உஸ்தாதே போதுமானவராக இருந்தார்.

அவ்வழியே வீட்டிற்கும் பொருந்தும்: பொருள் ஒன்று, ஆழம் வேறு. ஸகாத்தை எடுத்துக்கொள்வோம். 6 வயதுப் பிள்ளை நாணயங்களைப் பத்துப் பத்தாக அடுக்கட்டும். 10 வயதுப் பிள்ளை 40,000 ரூபாய்க்கு 2.5 விழுக்காடு 1,000 எனக் கணக்கிடட்டும். 13 வயதுப் பிள்ளை நிஸாபையும், ஸகாத் பெறத் தகுதியுடைய 8 வகையினரையும் அறிந்து இளையோருக்கு விளக்கட்டும். வாசிப்பும் அடிப்படைக் கணக்கும் மட்டும் அவரவர் நிலைக்கேற்பத் தனித்தனியே நடக்கட்டும்.

"மார்க்கம் போதும், கணிதம் எதற்கு?" என்போருடனும் நாம் உடன்படவில்லை. அல்குவாரிஸ்மியின் இயற்கணித நூலிலேயே வாரிசுரிமைக் கணக்குகள் உண்டு. 14 வயது நிறைந்த பிள்ளை தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் சேர்ந்து பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். ஆயத்தம் செய்யாமல் அவ்வாசலை அடைப்பது அநீதி.

அட்டவணையைக் காத்தோமா என்று நாளை நம்மிடம் கேட்கப்படாது. பிள்ளைகள் எனும் அமானிதத்தைக் காத்தோமா என்றே கேட்கப்படும்.